மூன்று செக்கன் மரியதாசன்

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு மரியதாசன் சாப்பாட்டு மேசையில் பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றை விரிக்கிறார். மரண அறிவித்தல் பக்கம் மேலே வந்துவிட்டால் திருப்பிப் போடுகிறார். நகைக்கடை விளம்பரம் மேலே வந்தால்தான் வேலை தொடங்கும். அடுத்ததாக யன்னல் சீலையை இழுத்து மூடுகிறார். வீடு மூன்றாம் மாடியில். எதிரே தெரிவது அடுத்த கட்டடத்தின் சமையலறைப் புகைக்குழாய் மட்டும்தான். அந்தக் குழாய்க்குக்கூட விஷயம் தெரியக்கூடாது என்பது அவருடைய கட்சி.

விஷயம் மொத்தம் மூன்று. படுக்கையறை அலுமாரிக்குள், நத்தார்க் குடில் சாமான்களுக்குப் பின்னால், ஓர் இரும்புப் பெட்டகத்துக்குள் இருக்கின்றன. பெட்டகத்தின் திறப்பு மரியதாசனின் கழுத்தில், அந்தோனியார் பதக்கத்தோடு ஒரே சங்கிலியில் தொங்குகிறது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் பக்கத்திலேயே இருந்தால் திறப்புக்குத் தொலையத் துணிவு வராது என்று நம்புகிறார். திறந்தால், ஃபிளானல் துணி சுற்றிய மூன்று பழைய றிவோல்வர்கள். மூன்றும் அமெரிக்காவில் பிறந்தவை. செய்தவன் மனதில் ஆளும் இருக்கவில்லை, மானும் இருக்கவில்லை; வட்டம் போட்ட கடதாசி மட்டும்தான் இருந்தது. அவை தின்னும் குண்டு நெத்தலித் தலையளவு.

மூத்தவளுக்குத் தொண்ணூறு வயது. ஆறு அங்குலக் குழல். வருசக்கணக்காகத் தோலுறைக்குள் போய்வந்து வாய்ப்பக்கத்தில் நீலம் தேய்ந்து வெளுத்திருக்கிறது. நடுவிலாள் ஒன்பது குண்டு பிடிப்பாள். இடுப்பில் முறித்தால், சுட்டு முடிந்த ஒன்பது வெறுங்கோதையும் ஒரே துப்பாகத் துப்புவாள். அந்தத் துப்பலைக் காணத்தான் மரியதாசன் அவளை வாங்கினார். கடைக்குட்டி அறுபதுகளில் பிறந்தவள். குறி தப்பாது, சிக்காது, கறள் பிடிக்காது. ஆகக் குறைவாக வெளியே வருகிறவளும் அவள்தான். ஏன் என்று மனைவி திரேசம்மா ஒருநாள் கேட்டார்.

“நல்ல பிள்ளைதான். ஆனா நல்ல பிள்ளையளில கதைக்க ஒண்டும் இருக்காதெல்லே.”

“அப்ப என்னில கதைக்க நிறையக் கிடக்கெண்டுறியள்.”

மரியதாசன் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, ஏற்கெனவே துடைத்த குண்டறையை இன்னொரு தரம் துடைக்கத் தொடங்கினார். துடைக்கிற தூரிகை திரேசம்மாவின் பழைய பல்துலக்கி. அது பழையதாவதற்கு இரண்டு நாள் முதலே அவர் எடுத்துவிட்டார் என்பது வேறு வழக்கு.

மூத்தவளின் மரப்பிடியில் ஆரோ ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள்: எல், பி. ஆள் யாரென்று எந்தக் கடதாசியிலும் இல்லை. ஆனால் மரியதாசனுக்குத் தெரியும். பிடி தேய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தால் இடக்கைக்காரன். கீறின அழகைப் பார்த்தால் பொறுமைசாலி. இவ்வளவு எண்ணெய் போட நேரம் இருந்திருக்கிறதே, அப்படியானால் கலியாணம் கட்டாதவன். இப்படியாக எல்.பி. அண்ணை என்று ஓர் உறவுக்காரர் உண்டாகிவிட்டார். போன நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது, தகப்பன், தாய், மாமனார் பெயர்களுக்குக் கீழே கை தன்பாட்டில் எல்.பி. என்றும் எழுதியது. சுவாமியார் வஞ்சகமில்லாமல் வாசித்தார்: “எல்.பி. அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்.” கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் மூன்று பெண்கள் திரேசம்மாவைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், லூர்து பிலோமினா என்று யாரையாவது தெரியுமா என்று விசாரித்தார்கள்.

இந்தச் சின்னக் குண்டுக்கு ஒரு குணம் உண்டு. நடுவில் எத்தனை தரம் குத்தினாலும் பேசாமல் இருக்கும். தீப்பற்றுகிற மருந்து விளிம்பில்தான் ஒளித்திருக்கிறது. துவக்கின் ஊசி விளிம்பில் தட்டினால்தான் வெடிக்கும். அதனால் குண்டு போடாமல் வெறுமனே விசையை அழுத்திப் பார்க்கவும் கூடாது. ஊசி இரும்பிலேயே அடித்து இரண்டுக்கும் காயம் வரும். வீட்டில் கை பழக்குவதற்கு மரியதாசன் ஒரு வழி வைத்திருக்கிறார். சுவரில் ஆணி இறுக்க முன் செருகுகிற மஞ்சள் பிளாஸ்ரிக் வோல் பிளக் இருக்கிறதே, அது குண்டு போடுகிற துளைக்கு அச்சொட்டாகப் பொருந்தும். மாதம் ஒரு பை வாங்குகிறார். சாமான் கடைக்காரன் இவரை வீடு திருத்துகிற தொழிலாளி என்று நினைத்து மரியாதை கொடுக்கிறான். இவருடைய வீட்டிலோ திருக்குடும்பப் படம் ஆறு வருசமாகப் பிரிட்ஜின் தலையில் சாய்ந்து நின்று, சுவரில் ஓர் இடம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அறுபத்திரண்டு வயதிலும் மரியதாசன், பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறார். அந்த ஆஸ்பத்திரி லிப்டுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு விரல் பள்ளம். மற்றவர்கள் தள்ளினால் அந்த இடத்தில் கட்டிலில் கிடப்பவர் ஒருதரம் முனகுவார். மரியதாசன் தள்ளினால் கண்ணைக்கூடத் திறக்கமாட்டார். அதே கையால்தான் விசையை அழுத்துகிறார். எப்போது வெடித்தது என்று அவருக்கே தெரியாது. கடதாசிக்கும் பலமுறை தெரியாது. அவருடைய குண்டுகளில் பாதி வட்டத்தைத் தொடாமல் நாகரிகமாக ஒதுங்கிப் போகின்றன.

இந்தப் பழக்கத்துக்குப் பத்து வயது. கூட வேலை செய்கிறவன் ஒருவன், ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய்க்கு அப்பால் இருக்கிற தன்னுடைய சுடுகிற கிளப்புக்கு ஒருக்கா வந்து பார் என்று இழுத்துக்கொண்டு போனான். துவக்குச் சத்தம் வேண்டாம் என்றுதானே சண்டை நடந்த மன்னாரை விட்டே வந்தது. மரியதாசன் உடனே திரும்புவதற்கு நான்கு நியாயங்களைத் தயாராக வைத்துக்கொண்டு போனார். போனவர் மூன்று மணித்தியாலம் நின்றார். அங்கே எதைக் கண்டு நின்றார் என்று யாருக்கும் சொல்லவில்லை, திரேசம்மாவுக்கும் சொல்லவில்லை. கோயில் சனத்துக்கு விஷயமே தெரியாது. தெரிந்தால் ஒருவர் “உனக்கேன் இந்த வேலை” என்று கேட்பார், இன்னொருவர் “ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமோ” என்று கேட்பார். இரண்டாவது ஆளுக்குத்தான் மரியதாசன் கூடுதலாகப் பயம்.

சனிக்கிழமை காலை கிளப்புக்குப் போவதே ஒரு திருச்சடங்கு. விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, பெட்டி காரின் டிக்கிக்குள், கார் நேர்வழியில். துவக்கோடு போகிறவரிடம் சட்டம் கேட்பது நியாயமான நேர்வழி. மரியதாசன் கொடுப்பது அம்பு போகிற நேர்வழி. பெற்றோல் வெள்ளிக்கிழமையே அடித்தாகிவிடும். புறப்பட முன் இரண்டு தரம் கழிவறைக்குப் போவார், இரண்டாவது தரம் சும்மா. போன் அணைந்துவிடும். ‘நில்’ என்கிற எட்டு மூலைச் சிவப்புப் பலகை கண்ட இடமெல்லாம் மூன்று செக்கன் முழுசாக நிற்பார். “பிதா, சுதன், பரிசுத்த ஆவி” என்று உதட்டுக்குள் எண்ணிவிட்டுத்தான் பிரேக்கில் இருந்து காலை எடுப்பார். தமிழ்ச் சனம் இருக்கிற ஊரில் ஒரு மனிதன் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்வது லேசுப்பட்ட காரியமா? “போற வழிதானே” என்று சொல்லி ஒருவர் மீன் பார்சல் தருவார், ஒருவர் தையல் மெஷின் ஏற்றுவார், ஒருவர் மாமியையே ஏற்றுவார். பத்து வருசம் மரியதாசன் தப்பியதற்குக் காரணம், அவருடைய பெருந்தெருவில் ஒரு தமிழ் வாசல்கூட இல்லாததுதான்.

இந்த யூன் மாதம் அந்தப் பெருந்தெருவைத் தோண்டினார்கள். செம்மஞ்சள் கூம்புகள் முளைத்தன. வழிமாற்றுப் பலகை ஒன்று மரியதாசனை இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி, லொங்குய்ய்யின் ஒரு குடிமனைத் தெருவுக்குள் விட்டது. நாலு பக்கமும் சிவப்புப் பலகை நிற்கிற ஒரு சந்தி. சந்தி மூலையில் ஒரு பங்களா வீடு. வீட்டு முன்றலில் இருபது சனம். நடுவில், ஆட்டிறைச்சிக் கறிச் சட்டிக்கு முன்னால், அகப்பையோடு கிறகரி. கிறகரி திரேசம்மாவின் ஒரே தம்பி. அன்று பின்னேரம்தான் அவருடைய புது வீட்டு ஆசீர்வாதம். காலையிலேயே உதவிக்குச் சனம் கூடியிருந்தது.

“அத்தான், வாங்கோ வாங்கோ. நல்ல நேரம் வந்தியள். உப்புப் பாருங்கோ.” கிறகரி அகப்பையில் குழம்பு அள்ளி, கீழே கையேந்திக்கொண்டு தெருக்கரைக்கே வந்தார்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மரியதாசன் இடம் பார்த்தார், வலம் பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு விரலை உயர்த்தினார், போய்விட்டார். அகப்பை நீட்டினபடி நின்றது. இருபது சனமும் பார்த்தது. பின்னேரம் திரேசம்மாவோடு பரிசுப் பொதியும் கொண்டு போனவருக்கு கிறகரி தன் கையாலேயே இடியப்பம் வைத்தார். கறி வைக்கவில்லை.

திரேசம்மாவும் விளிம்பில் மருந்து வைத்த ரகம்தான். சமையலைச் சொல்லுங்கள், நடையைச் சொல்லுங்கள், பல்துலக்கியைக் களவெடுங்கள், சிரித்துக்கொண்டு போவார். தம்பி இருக்கிற விளிம்பில் மட்டும் தட்டக்கூடாது.

அந்த நேரம் பார்த்து மரியதாசனின் துவக்கு அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கிற காலம் வந்தது. ஐந்து வருசத்துக்கு ஒருக்கா வரும் படிவம். ஒக்டோபர் முடிய முன் அனுப்ப வேண்டும். அதில் மனைவி கையெழுத்து வைக்க ஒரு கோடு இருக்கிறது. வைக்காவிட்டால் அலுவலகமே மனைவியோடு தொடர்புகொண்டு, ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்கும். போன இரண்டு தரமும் திரேசம்மா பருப்புத் தாளித்துக்கொண்டே கையெழுத்து வைத்தவர். இந்தத் தரம் படிவத்தை வாங்கி, நாலாய் மடித்து, செபப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

“நான் வைக்கேல்லை. அவையள் போன் எடுக்கட்டும். எனக்கும் சொல்லக் கிடக்கு.”

மரியதாசனின் முகம் வோல் பிளக்கின் நிறத்துக்கு வந்தது. சில வருசங்களுக்கு முன் போட்ட சட்டத்தால் அவரைப் போன்றவர்கள் கைத்துப்பாக்கியை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. இருப்பவர் வைத்திருக்கலாம், பத்திரம் உயிரோடு இருக்கும் வரைக்கும். பத்திரம் செத்தால் மூன்றையும் பொலிஸில் ஒப்படைக்க வேண்டியதுதான். பிறகு உருக்கு உலை. எல்.பி. அண்ணையின் இரண்டு எழுத்தும் அதோடு போய்விடும்.

“உம்மட தம்பியிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறன், போதுமே?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஒரு கேக் பெட்டியோடு போனார். கிறகரி கதவு திறக்கவில்லை. யன்னல் திறந்தார்.

“அத்தான், இண்டைக்கு ஞாயிறு. நீங்கள் நிக்காமல் போனது சனிக்கிழமை. சனிக்கிழமை வாங்கோ.”

“சனிக்கிழமையில எனக்கு நிக்கேலாது, கிறகரி.”

“ஏன் நிக்கேலாது?”

மரியதாசன் கேக்கைப் பார்த்தார். “சொல்லேலாது.”

“அப்ப கேக்கையும் கொண்டுபோங்கோ.”

அந்த நேரம் கதவு ஒரு முழம் திறந்தது. கிறகரியின் மனைவி றோசாவின் கை வெளியே வந்து, கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு மூடியது.

கடைசியில் திரேசம்மாவே தம்பிக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னார். டிக்கிக்குள்ள துவக்கு, அதாலதான் நிக்கேல்லை. கிறகரி நம்பவில்லை.

“அத்தானோ? துவக்கோ? அக்கா, அந்த மனுசன் இலையான் பறந்தாலும் வழிவிட்டுப் போற ஆள்.” சிரிப்பு அடங்கப் பத்து நிமிசம் ஆனது. பிறகு குரல் இறுகியது. “துவக்கோ பீரங்கியோ, சனிக்கிழமை போன மரியாதை சனிக்கிழமைதான் திரும்பி வரோணும். ஒரு வாய் தேத்தண்ணி. அவ்வளவுதான் கேக்கிறன்.”

“நேர்வழி எண்டா நேர்வழிதான்,” என்றார் மரியதாசன்.

“அப்ப கையெழுத்தும் செபப்புத்தகத்துக்கதான்,” என்றார் திரேசம்மா.

ஐந்து வாரம் இப்படியே போனது. வெள்ளிக்கிழமைகளில் மூத்தவளைத் துடைக்கிற நேரம் நீண்டுகொண்டே வந்தது. பிடியில் இருந்த எழுத்தை மட்டும் அவர் துடைக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் துணியில் சுற்றினார். ஒரு வெள்ளி அதைத் திரேசம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். அடுத்தநாள் காலை குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் ஏறியிருந்தார்.

“என்னத்தைக் கண்டு இதைப் பிடிச்சுத் தொங்கிறியள் எண்டு ஒருக்காப் பாக்கப்போறன். பாத்திட்டுத்தான் மற்றக் கதை.”

பெருந்தெரு இன்னும் தோண்டினபடிதான் கிடந்தது. அதே சந்தி வந்தது. முன்றலில் கிறகரி இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்கோ.”

“நிப்பாட்டித்தான் இருக்கிறன்.”

பிதா, சுதன், பரிசுத்த ஆவி. கார் நகர்ந்தது. திரேசம்மா பின்கண்ணாடியால் தம்பி சிறுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி மறைந்த பிறகும் முன்னால் திரும்பவில்லை. அது திட்டுவதைவிட மோசம் என்று மரியதாசனுக்குத் தெரியும்.

கிளப்பில் திரேசம்மாவைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தி, காதுக்குத் தடித்த மூடி போட்டுவிட்டார்கள். அவர் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். மரியதாசன் ஒற்றைக் கையை நீட்டி, மூத்தவளைக் குழந்தைக்குச் சோறு தீத்துவதுபோல் பிடித்திருந்தார். பட், பட் என்று காய்ந்த தடி முறிகிற சத்தம்தான். ஆனாலும் முதல் சத்தத்துக்குத் திரேசம்மாவின் தோள் தூக்கிப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டார். சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தார், எத்தனை என்று பிறகு கேட்டபோது தெரியவில்லை.

அப்போது ஒரு குரல் கேட்டது. குதிரைவால் கட்டிய ஒரு பெட்டை, இருபத்தைந்து வயதிருக்கும், கையில் ஒரு பட்டியல் மட்டையோடு நடந்து வந்து, “செஸே லு ஃபெ” என்றாள். சுடுவதை நிறுத்தச் சொல்கிற பிரெஞ்சு. கத்தவில்லை, பஸ் சாரதியிடம் இறக்கம் கேட்கிற அளவுதான். பத்துப் பேரும் நிறுத்தினார்கள். துவக்குகளைத் திறந்து மேசையில் வைத்தார்கள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து, வெறுங்கையோடு நின்றார்கள். ஒருவனுக்கு இன்னும் இரண்டு குண்டு மிச்சம் இருந்தது. அவனும் வைத்துவிட்டு வந்து நின்றான். பெட்டை ஒவ்வொரு மேசையாகப் பார்த்து முடியும் வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. மரியதாசன் கண்ணாடிப் பக்கம் திரும்பித் திரேசம்மாவைப் பார்த்தார். அவருடைய கடதாசியில் பாதிக் குண்டுதான் பட்டிருந்தது. ஆனால் முகம், பரிசு எடுத்த பள்ளிக்கூடப் பெடியனின் முகம்.

வீடு திரும்புகிற வழியில் பாலத்தின் நடுவில் திரேசம்மா செபமாலையைக் கையில் இருந்து கழற்றினார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“இதுக்குத்தானோ வாறனியள்?”

“ஓம்.”

“அந்தப் பெட்டை சொன்னவுடன வைச்சிட்டினமே.”

“ஒவ்வொருக்காவும் வைப்பினம்.”

பாலம் முடிந்தது. “அந்தப் பெட்டையை அப்ப எங்கட ஊர்ப் பக்கம் அனுப்பியிருக்கலாம்,” என்றார் திரேசம்மா. பிறகு மூக்கைச் சீறிவிட்டு, வீட்டில் வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று பின்னேரம் அக்காவும் தம்பியும் போனில் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மரியதாசனுக்குக் கேட்டது கடைசிப் பக்கம் மட்டும். “ஓமடா, அந்தப் பலகைக்கு நிண்டுதான் போவார். அதில மூண்டு செக்கன் பிழைக்காது.”

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை திரேசம்மா கேளாமலே காரில் ஏறினார். மடியில் கைப்பை. சந்தியை நெருங்கும்போதே மரியதாசனுக்கு விளங்கிவிட்டது. சிவப்புப் பலகைக்குக் கீழே, தெருக்கரையில், சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டபடி கிறகரி நின்றார். கையில் தட்டு, தட்டில் ஆவி பறக்கிற கோப்பை. பக்கத்தில் றோசா, அன்றைக்கு முன்றலில் நின்ற சனத்துக்கெல்லாம் அனுப்புவதற்குப் படமெடுத்தபடி போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“அத்தான், உங்களை நான் நிப்பாட்டேல்லை. பலகைதான் நிப்பாட்டினது. குடியுங்கோ.”

“மூண்டு செக்கன்தான், கிறகரி.”

“நாலு பக்கத்தாலயும் கார் வாற சந்தி. ஆக்களைப் போகவிட்டுப் போறதுதானே மரியாதை?”

மரியதாசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒருவரும் இல்லை. இடப்பக்கத்தால் நீலக் கார் ஒன்று வந்து நின்றது. முதலில் வந்து நின்றவர் என்ற முறைப்படி முதலில் போகவேண்டியவர் இவர்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. எண்ணி முடிந்தது. அவர் கோப்பையை வாங்கினார். மற்றக் கையால் நீலக் காரை, நீங்கள் போங்கோ என்று காட்டினார். நீலக் காருக்குள் இருந்த பெண் இல்லை, நீங்கள் போங்கள் என்று காட்டினாள். இவர் திரும்பவும் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டு போனாள். மரியதாசன் ஒரு மிடறு குடித்தார்.

“சீனி காணுமோ, அண்ணை?” என்றார் றோசா.

“காணும், அளவாக் கிடக்கு.”

எதிர்ப்பக்கத்தால் ஒரு வான் வந்தது. அதையும் அனுப்பினார். திரேசம்மா கைப்பைக்குள் இருந்து செபப்புத்தகத்தை எடுத்தார். படிவத்தை விரித்து, புத்தகத்தின் அட்டையில் வைத்து நீவினார்.

“தம்பி, பேனை வைச்சிருக்கிறியே?”

கிறகரி சாரத்தைத் தடவினார், சட்டையைத் தடவினார். றோசா வீட்டுக்குள் ஓடினார். மரியதாசன் குப்பை லொறி ஒன்றையும், நாயோடு வந்த ஒரு கிழவரையும் போகவிட்டார். பேனை வந்தது. திரேசம்மா அதை உதறி, கோட்டுக்கு மேல் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடத் தொடங்கினார்.

மரியதாசன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கோப்பையில் இன்னும் இரண்டு வாய் இருந்தது. சந்தியில் இப்போது ஒருவரும் இல்லை. வலப்பக்கம், தெருவின் ஆகக் கடைசியில், ஒரு சைக்கிள் புள்ளியளவில் தெரிந்தது. அவர் கையை உயர்த்தி, நீங்கள் போங்கோ என்று காட்டியபடி, அது வந்து சேரும் வரைக்கும் வைத்திருந்தார்.